அதே கேள்வி, மறுபடியும்

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வரும் நம் சங்க அன்பர்களுக்கு ரேணிகுண்டா ஜங்ஷனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குண்டக்கல், கடப்பா வழியாக வரும் வண்டி அங்கே நின்று, பிறகு புத்தூர், திருத்தணி, அரக்கோணம் என்று நம் ஊர்ப் பக்கம் திரும்பும். மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை 1862இல் ரேணிகுண்டாவை எட்டியது. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு இணைந்தது. அன்று தொட்டு இன்று வரை பம்பாய்த் தமிழர்கள் ஊருக்குப் போகும் வழியில் அந்த ஜங்ஷன் இருக்கிறது. கூடூர், குண்டக்கல், அரக்கோணம், திருப்பதி என்று நான்கு பக்கமும் பாதை பிரியும் இடம் அது. திருப்பதி அங்கிருந்து 10 கிலோமீட்டர்தான். ஆனால் மும்பை – சென்னை வண்டிகள் திருப்பதிக்குள் போவதில்லை. ஏழுமலையானைத் தரிசிக்க வருகிறவர்கள் ரேணிகுண்டாவில் இறங்கித்தான் மாற வேண்டும்.

என் மாமா அந்த ஊரில் ரயில்வே ஊழியராக இருந்தார். 1970களின் கடைசியில் கோடை விடுமுறைக்கு நாங்கள் பம்பாயிலிருந்து அங்கே போய்விடுவோம். மாமா வேலையில் இருக்கும்போது ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பம்பாய் வண்டி வந்து நின்றதும் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நீளும். தமிழில், மராத்தியில், இந்தியில் ஒரே கேள்விதான்.

“சார், திருப்பதி எப்போ வரும்?”

“இந்த வண்டி திருப்பதி போகாதுங்க. இங்கேயே இறங்கி மாறணும்.”

அடுத்த ஜன்னல். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே பதில். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து, எண்ணிக்கை தவறிப்போய் விட்டுவிட்டேன். “உங்களுக்குச் சலிப்பே வராதா மாமா?” என்று ஒருநாள் கேட்டேன். “வராமல் என்ன? ஆனால் அந்த ஆள் இன்றைக்குத்தானே முதல் தடவை கேட்கிறான். நேற்று கேட்டவன் வேறு ஆள்” என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. அந்தப் பதிலின் அருமை எனக்குப் புரிந்தது ரயில் நிலையத்தில் அல்ல, கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான். கணினி, கைப்பேசி, இணையம் என்று நம் எல்லார் வீட்டிலும் இன்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்பவர் கூசுகிறார். சொல்பவர் சலிக்கிறார். இந்தச் சின்ன விஷயத்தால் எத்தனை பேர் தமிழை விட்டும், ஏன், பணத்தை விட்டும்கூடப் போகிறார்கள் என்பதை நம் குடும்பங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மாமா மாட்டிய அட்டை

முதலில் மாமாவின் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு கோடையில் அவர் பெரிய அட்டை ஒன்றில், ‘இந்த வண்டி திருப்பதி போகாது. திருப்பதி செல்பவர்கள் இங்கே இறங்கவும்’ என்று தமிழில் எழுதி, கூட வேலை பார்த்தவரிடம் இந்தியிலும் எழுதி வாங்கி, தான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மாட்டினார். இனிமேல் தொந்தரவு இல்லை என்று அவருக்குப் பெருமை. ஆனால் கேள்வி குறையவில்லை. அட்டையைப் படித்தவர்களும் வந்து, “இங்கேதான் இறங்கணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். மாமாவுக்குக் கோபம். “போர்டைப் பார்த்துவிட்டும் கேட்கிறார்களே!” என்று வீட்டில் வந்து புலம்பினார்.

அத்தை தோசை வார்த்துக்கொண்டே சொன்னார்: “இறங்கினவனுக்கு எதுக்குங்க இறங்குன்னு போர்டு? இறங்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அல்லவா தெரியணும்!”

மாமா பதில் பேசவில்லை. மறுநாள் முதல், வண்டி நின்றதும் பெட்டி பெட்டியாக நடந்து, “திருப்பதி போறவங்க இங்கே இறங்குங்க” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். கேள்வி அடியோடு நிற்கவில்லை. ஆனால் திருப்பதிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அரக்கோணம் வரை போய்த் திரும்பி வரும் குடும்பங்கள் குறைந்தன என்று சொல்வார். அத்தையின் அந்த ஒரு வாக்கியத்தை நான் இந்தக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்தப் போகிறேன்.

‘கட்டம் கட்டமாகத் தெரிகிறதே!’

1990களின் பிற்பகுதியில் என் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்த நண்பர் தமிழில் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். ஆவலோடு திறந்தேன். தமிழ் இல்லை. தலையில் கொம்பும் குறியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகக் கூடிப் பேசும் ஒரு குழுவில், ‘தமிழ் தெரியவில்லை, என்ன செய்ய வேண்டும்?’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன்.

சில மணி நேரத்தில் பதில் வந்தது. ‘இது நூறு தடவை கேட்கப்பட்ட கேள்வி. பழைய மடல்களைப் படித்துவிட்டு வாருங்கள்’ என்ற ஒரே வரி. பழைய மடல்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவற்றைப் படிக்க எனக்கு அந்த எழுத்துரு வேண்டுமே! இறங்கினவனுக்கு மாட்டிய போர்டுதான் அது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கணினியில் தமிழ் நமக்குச் சரிப்பட்டு வராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, அதே குழுவிலிருந்த முகம் தெரியாத இன்னொருவர் தனியாக எனக்கு எழுதினார். எழுத்துருவை எங்கிருந்து இறக்குவது, எந்த அடைவில் போடுவது, பிறகு மடல் பார்க்கும் மென்பொருளில் எதை மாற்றுவது என்று 1, 2, 3 என்று எண் போட்டு எழுதியிருந்தார். கடைசியில், ‘நானும் போன வருடம் இதையேதான் கேட்டேன்’ என்று ஒரு வரி. அன்று இரவு பதினொரு மணிக்கு என் திரையில் தமிழ் தெரிந்தது. வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். அந்த மனிதர் எழுதாமல் இருந்திருந்தால் இன்று நான் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன். முதல் பதில் எழுதியவர் கெட்டவர் அல்ல என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் எல்லாரும் அதையே கேட்டார்கள்?

இளைய தலைமுறைக்கு இது கதைபோல இருக்கும். அன்றையக் கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள்தான். அவற்றில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் தமிழின் 247 எழுத்துகளையும் அடைக்க வேண்டும். கொம்பு, கால், விசிறி என்று எழுத்துகளைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி அடுக்கினார்கள். ஒருவர் ‘அ’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ணை’ வைத்திருப்பார். ஒருவர் எழுத்துருவில் எழுதியதை இன்னொருவர் எழுத்துருவில் படிக்க முடியாது. பத்திரிகைக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று எழுத்துருக்கள் பெருகின. ஆகவே புதிதாக வந்த ஒவ்வொருவரும் அதே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உழைத்தவர்களில் பலர் நம்மைப்போலத் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995லேயே தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்து, 1998 பொங்கலன்று தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட்டில் பல நாட்டுத் தமிழர்கள் கூடி விவாதித்தார்கள். அந்த விவாதங்களில் உருவானதுதான் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டு முறை. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டை ஒட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது.

இவர்களும் இவர்களைச் சுற்றியிருந்த தன்னார்வலர்களும் மென்பொருள் எழுதியதோடு நிற்கவில்லை. பகலில் தம் வேலையைப் பார்த்துவிட்டு, இரவில் முகம் தெரியாதவர்களின் ‘தமிழ் தெரியவில்லை’க்குப் பதில் எழுதினார்கள். அந்த உழைப்பை எந்த மாநாட்டு மலரும் கணக்கெடுத்ததில்லை.

முடிவில்லாத செப்டம்பர்

இது தமிழர்களுக்கு மட்டும் வந்த தொல்லையா என்றால், இல்லை. இணையத்தின் ஆரம்ப காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூஸ்நெட் என்ற விவாத மன்றங்கள் இருந்தன. ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் வருவார்கள். வந்ததும் பழைய கேள்விகளையே கேட்பார்கள். ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். மறுபடி அமைதி திரும்பும். 1993 – 94 வாக்கில் அமெரிக்கா ஆன்லைன் போன்ற நிறுவனங்கள் பொதுமக்களுக்கு அந்த வாசலைத் திறந்துவிட்டன. அதன்பின் புதியவர்கள் வருவது நிற்கவே இல்லை. 1993 செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்று இன்று வங்கி முதல் பாஸ்போர்ட் அலுவலகம் வரை பார்க்கிறோமே, அந்தப் பழக்கமும் இந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான். 1980களின் தொடக்கத்தில் நாசாவில் பணியாற்றிய யூஜீன் மியா என்பவர், விண்வெளி பற்றிய ஒரு மடற்குழுவில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் பதில்களையும் தொகுத்து, அவ்வப்போது தாமே அனுப்பத் தொடங்கினார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் தொகுப்பை ஒரு மூலையில் வைத்துவிட்டு ‘போய்ப் படி’ என்று சொல்லவில்லை. புதியவர்கள் கண்ணில் படும்படி மீண்டும் மீண்டும் அனுப்பினார். பெட்டி பெட்டியாக நடந்து குரல் கொடுத்த என் மாமாவும் அதைத்தான் செய்தார்.

2001இல் எரிக் ரேமண்ட், ரிக் மோவன் என்ற இருவர் கணினிக் கேள்விகளைச் சரியாகக் கேட்பது எப்படி என்று நீண்ட கட்டுரை எழுதினார்கள். கேட்குமுன் தேடிப் பார், உன் ஊகத்தைச் சொல்லாதே, கண்ணில் கண்டதைச் சொல், தீர்ந்ததும் வந்து தெரிவி என்பவை அதன் சாரம். புதியவர்களை விரட்ட அந்தக் கட்டுரையைத் தூக்கிக் காட்டியவர்கள் ஏராளம். ஆனால் அதன் கடைசியில், உதவும் விதத்தில் பதில் சொல்வது எப்படி என்றும் ஒரு பகுதி இருக்கிறது. அதைக் காட்டியவர்கள் குறைவு!

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, நிரல் எழுதுவோருக்கான கேள்வி – பதில் தளம். ஒரே கேள்வி மறுபடி வந்தால் அதை மூடி, பழைய பதிலுக்கு வழிகாட்டிவிடுவார்கள். பதில்களின் தரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் 2018இல் அந்நிறுவனமே, தங்கள் இடம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சட்டம் சரியாக இருந்தும் வந்தவர் முகம் வாடித் திரும்பினால் என்ன பயன்?

பதில் சொல்பவரின் பக்கம்

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரே வரியில் பதில் எழுதியவரை நான் பல ஆண்டுகள் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நானே நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை உதவி மேசையில் உட்கார ஆரம்பித்தேன். முதல் மாதம் உற்சாகம். மூன்றாம் மாதம் பொறுமை. ஆறாம் மாதம், “போன வாரம்தானே சொன்னேன் மாமி!” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரவில்லை.

பதில் சொல்பவருக்குச் சம்பளம் இல்லை. நேரம் அவருடையது. இவர் பத்து நிமிடம் தேடியிருந்தால் கிடைத்திருக்குமே என்ற ஆற்றாமை நியாயமானதுதான். நூறு பேருக்குப் பதில் சொன்னவர் நூற்றோராவது ஆளிடம் எரிந்து விழுந்தால், அந்த எரிச்சல் நூறு பேரும் சேர்ந்து ஏற்றி வைத்தது. ஆனால் அதை வாங்கிக் கட்டிக்கொள்பவர் அந்த ஒருவர்தான். இதுதான் இதில் உள்ள அநியாயம். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் வருத்தம்.

கேள்வி எப்படி நின்றது?

‘தமிழ் தெரியவில்லை’ என்ற கேள்வியை இன்று யாராவது கேட்கிறார்களா? அநேகமாக இல்லை. புதியவர்கள் எல்லாரும் திடீரென்று பழைய மடல்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார்களா? அதுவும் இல்லை. கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 2000 அதைத் தமிழுக்குச் செயல்படுத்தியது. ஆனால் அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு வேடிக்கை. தமிழ் சரியாகத் தெரிய, மொழி அமைப்புகளில் ஒரு சிறு கட்டத்தில் டிக் அடித்து, குறுந்தகட்டையும் உள்ளே போட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். ‘கேள்வி’ என்ற சொல்லே கோணலாகத் தெரியும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கில வாசகத்தில் சிக்கலான எழுத்துமுறைகள், வலமிருந்து இடம் எழுதும் மொழிகள், தாய்லாந்து மொழி என்றெல்லாம் இருந்தது. தமிழ் என்ற சொல் இல்லை! பிறகு நம்மவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஆயிரம் தடவை பதில் சொல்லப்பட்டது. 2007இல் வந்த விஸ்டாவில் அந்தக் கட்டமே தேவையில்லாமல் போனது. அதோடு கேள்வியும் போனது. தட்டச்சுக்கு எ-கலப்பை, பழைய எழுத்துருக்களை மாற்றப் பொங்குதமிழ் என்று தன்னார்வலர்கள் தந்த கருவிகள் வழியை இன்னும் சுலபமாக்கின. 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். ஒருவர் ஒரு தடவை கேட்டால் அது அவருடைய சந்தேகம். ஆயிரம் பேர் அதையே கேட்டால் அது பொருளில் உள்ள குறை. கேட்பவர்களைத் திருத்துவதற்கு முன் பலகையைச் சரியான இடத்தில் மாட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் தடவை கேட்காத பெரியவர்

தமிழ் எழுத்துரு போய்விட்டது. வேறு கேள்விகள் வந்துவிட்டன. ‘பேத்தி அனுப்பிய படம் எங்கே போயிற்று?’, ‘போனை மாற்றியபிறகு தமிழ் விசைப்பலகை காணோமே?’, ‘இந்தச் செய்தி வங்கியிலிருந்து வந்ததுதானா?’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். ஊரைவிட்டு வந்து, பேரன் பேத்திகள் ஆங்கிலமும் இந்தியும் பேசும் வீட்டில், அவர்களுக்குக் கைப்பேசி விளையாட்டுப் பொருள் அல்ல. ஊரில் இருக்கும் தம்பி தங்கையோடு தமிழில் பேச மிச்சமிருக்கும் ஒரே வழி அது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். பணம் அனுப்பும் செயலியில் ஏதோ தடை. மகனிடம் கேட்டார், செய்து கொடுத்தான். இரண்டு வாரத்தில் மறுபடி கேட்டார். “எத்தனை தடவைப்பா சொல்றது?” என்றான் மகன். தவறான பிள்ளை இல்லை, அலுவலக அவசரம். மூன்றாம் தடவை பெரியவர் கேட்கவில்லை. இணையத்தில் தேடி, வாடிக்கையாளர் உதவி எண் என்று கண்ணில் பட்ட ஓர் எண்ணுக்குப் போன் செய்தார். மறுமுனையில் பேசியவன் மிகப் பணிவாகப் பேசினான். ஒரே விஷயத்தை எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் விளக்கினான். கடைசியில் கணக்கிலிருந்த பணத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

“அவன் என்னைத் திட்டவே இல்லையப்பா” என்று பெரியவர் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. வீட்டில் கிடைக்காத பொறுமை திருடனிடம் கிடைத்தது. போலி உதவி எண்களை வைத்து நடக்கும் இந்த மோசடி இன்று நாடெங்கும் நடக்கிறது. யாருக்காவது நேர்ந்தால் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு முன்பே தடுக்கக்கூடிய இடம் நம் வீட்டுக் கூடம்தான்.

இருவருக்கும் சில யோசனைகள்

உதவி மேசையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் கேட்பவர்களுக்கு. ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் போன், என்ன செய்தீர்கள், திரையில் என்ன எழுத்து வந்தது என்று பார்த்தபடியே சொல்லுங்கள். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சொன்னதை உங்கள் கையாலேயே, உங்கள் சொற்களில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர் எழுதிக் கொடுத்த சீட்டு இரண்டாம் நாள் புரியாது. சரியானதும் ‘சரியாகிவிட்டது’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பதில் சொல்பவருக்குக் கிடைக்கும் கூலி அது ஒன்றுதான்.

இனி சொல்பவர்களுக்கு. பதிலை முதலில் சொல்லுங்கள், எங்கே எழுதியிருக்கிறது என்பதைப் பிறகு காட்டுங்கள். போனை வாங்கி நீங்களே செய்துகொடுக்காதீர்கள். விரல் அவருடையதாக இருக்கட்டும். நேரம் கூடுதலாகும், ஆனால் அடுத்த வாரக் கேள்வி குறையும். படித்துவிட்டும் ஒருவர் கேட்டால், எந்த இடத்தில் புரியவில்லை என்று கேட்டு அந்த வரியைத் திருத்துங்கள். சலிப்பு தட்டினால் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்து விழுவதைவிட அது மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றுக் கேட்டவரை இன்று சொல்பவராக்குங்கள். எங்கே தடுக்கும் என்பது அவருக்குத்தான் இன்னும் ஞாபகம் இருக்கும். நான் கோபித்துக்கொண்ட அந்த மாமியை வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். இன்று குரல் வழியாகத் தமிழில் தட்டச்சு செய்வதை மற்ற அம்மாமார்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். என்னைவிட நன்றாகச் சொல்கிறார்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, கேள்விகளை இயந்திரத்திடமே கேட்டுக்கொள்ளலாமே என்கிறார்கள் இளைஞர்கள். உண்மைதான், அது சலிப்பதில்லை. நிரல் எழுதுவோர் மனிதர்களிடம் கேட்பதுகூட அதன்பின் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த இயந்திரம் கற்றது யாரிடம்? இத்தனை ஆண்டுகளாக மனிதர்கள் கேட்டு, மனிதர்கள் பதில் எழுதி வைத்தவற்றிலிருந்தும்தான். ஆங்கிலத்தில் அப்படி மலைபோலக் குவிந்திருக்கிறது. தமிழில் அவ்வளவு இல்லை. நாம் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் எழுதி வைக்காவிட்டால், நாளை இயந்திரமும் நம் பெரியவர்களுக்கு அரைகுறைத் தமிழில்தான் பதில் சொல்லும். அதுவும் தவறு செய்யக்கூடியது. பணம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும்.

மறுபடியும் ஜங்ஷன்

சென்ற ஆண்டு ஊருக்குப் போகும்போது ரேணிகுண்டாவில் வண்டி நின்றது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. விமான நிலையத்தின் புதிய முனையம் 2015இல் வந்தது. அதன் சுற்றுப்புறத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள். கைப்பேசிக்கான உதிரிப் பாகங்கள் அங்கே தயாராகின்றன. நம் வீட்டு அம்மா கையில் வைத்துக்கொண்டு விழிக்கிற போனில் ஏதோ ஒரு பாகம் ரேணிகுண்டாவிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்!

மாமா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிளாட்பாரத்தில் மின்பலகை ஒளிர்ந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. என் எதிர் இருக்கையில் இருந்த இளம் தம்பதியர் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் அந்தப் பையன் தலையை வெளியே நீட்டி, போய்க்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டான்: “அண்ணா, திருப்பதிக்கு இங்கேதானே இறங்கணும்?”

“ஆமாம் தம்பி, சீக்கிரம் இறங்குங்க” என்றார் அவர்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி எது என்று ஒரு தாளில் எழுதி ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அதே கேள்வியை ஏற்கெனவே பத்துப் பேர் கொடுத்திருந்தாலும் தயங்க வேண்டாம். பதில்களைத் தெளிந்த தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, போனோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்படி சிறு அட்டையாக்கித் தருவோம். அட்டையைப் படித்துவிட்டும் சந்தேகம் இருந்தால் வந்து கேளுங்கள். சொல்கிறோம்.